ஐந்நூறு டிகிரியில் நடந்தது

அண்ணா,

இந்தக் கடிதத்தை உனக்கு அப்பா எழுதியிருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற மகனுக்குப் பெட்டியில் வைத்து அனுப்ப நாலு வார்த்தை எழுதப்போகிறேன் என்று அவரே சொல்லி, கடையிலிருந்து நல்ல வெள்ளைத்தாள் கொண்டுவந்தார். நேற்று மதியம் முழுக்க மேசையில் உட்கார்ந்திருந்தார். "அன்புள்ள மகனுக்கு" என்பதற்குக் கீழே அவரால் போக முடியவில்லை. அம்மாவிடம் கொடுத்தார். எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்று அம்மா சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்கும் ஏன் எழுத வரவில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதனால் நான் எழுதுகிறேன். பெற்றவர்கள் சொல்லவேண்டியதைப் பிளஸ் டூ படிக்கிற தங்கை சொல்கிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். வாழ்த்து இருக்கும் என்று நினைத்து நீ இதைப் படிக்க ஆரம்பித்திருந்தால், வாழ்த்து இதில் இல்லை.

வருகிற வியாழக்கிழமை உன் ஆய்வகத்துச் சுகந்தி அக்காவின் ரிவ்யூ. அவர் பி.எச்டி.யைத் தொடரலாமா, பதிவை ரத்து செய்வதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள். வெள்ளிக்கிழமை உனக்கு விமானம். இந்த இரண்டு நாளும் பக்கத்துப் பக்கத்தில் வந்ததை உன் அதிர்ஷ்டம் என்று நீ நினைத்திருப்பாய். இது மூடிவைக்கிற கடிதம் இல்லை. மாமா படிக்கலாம், உன் நண்பர்கள் படிக்கலாம், உங்கள் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு மேடமும் படிக்கலாம். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் கடையில் விற்கும் வெள்ளை பெயிண்டுக்கு வெண்மை தருகிற அதே டைட்டானியம் ஆக்சைடு தூள்தான் உங்கள் ஆய்வகத்தில் அடித்தளம்; அதை சப்போர்ட் என்பீர்கள். அதன்மேல் வினையூக்கியான பிளாட்டினத்தைக் கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களாகப் படியவைப்பீர்கள். வினை நடப்பது பிளாட்டினத்தின் வெளிப்பரப்பில் மட்டும்தான். துகள் சிறியதாக இருந்தால் அதே அளவு உலோகத்துக்கு வெளிப்பரப்பு அதிகம் கிடைக்கும். துகள்கள் நகர்ந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்து கட்டியாகிவிட்டால் விலை உயர்ந்த பிளாட்டினம் உள்ளே வீணாகக் கிடக்கும். அப்படிச் சேராமல் அங்கங்கே பிடித்துவைப்பது ஆக்சைடின் வேலை. இதை நான் பத்தாவது படிக்கும்போது நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அறிவியல் கண்காட்சிக்கு நான் சார்ட் எழுதியபோது, "சப்போர்ட்டு ஒண்ணும் பண்ணாது, சும்மா ஒக்காந்திருக்கும். வேலையெல்லாம் மெட்டலுதான்" என்றாய். நான் அதை அழகான கையெழுத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். பரிசும் வாங்கினேன்.

அந்த சார்ட்டை உன் ஆய்வகத்தில் காட்டுவதற்காகக் கடலூரிலிருந்து சிதம்பரம் கொண்டுபோனபோதுதான் சுகந்தி அக்காவை முதலில் பார்த்தேன். நம் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர். அவருடைய அண்ணன் படகு வைத்திருக்கிறார். உனக்கு இரண்டு வருடம் ஜூனியராக அதே கைடு மேடமிடம் சேர்ந்தவர். சார்ட்டை முழுக்கப் படித்துவிட்டு அந்தச் சிவப்பு வரியில் விரலை வைத்தார். "கீழ இருக்கறது சும்மா இருக்கும்னு ஒனக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். நீ சிரித்தாய். அவர் என்னை உட்காரவைத்து, ஆக்சைடு கீழே இருந்துகொண்டே உலோகத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும், வாங்கும், உலோகமும் ஆக்சைடும் தொடுகிற விளிம்பில்தான் பல வினைகள் நடக்கின்றன என்று படம் போட்டுக் காட்டினார். சூடு போதுமான அளவு ஏறினால் ஆக்சைடு இடம்விட்டு நகரக்கூடச் செய்யும் என்றார். அதற்குப் பிறகு நான் விடுமுறைக்கெல்லாம் உன்கூட வந்தது உனக்காக இல்லை. அவரிடம் கேள்வி கேட்பதற்காக. நான் ஓயாமல் கேட்பதால்தான் அவர் என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமையும் நான் அங்கே இருந்தேன். உலையில் தூளைச் சூடாக்கும்போது அதன்மேல் ஓடவிடுகிற ஹைட்ரஜன், சிலிண்டரில் தீரப்போகிற நிலையில் இருந்தது. அடுத்த சிலிண்டர் பண்டிகை முடிந்துதான் வரும். அப்படியான நாட்களில் உங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கு ஒருமுறை உலையை ஓட்டாமல், இரண்டு பேருடைய தூளையும் ஒரே குழாய்க்குள் வைத்து, ஒரே வாயுவில் முடித்துக்கொள்வீர்கள். தூள் வைக்கும் வெள்ளைப் பீங்கான் தட்டை போட் என்பீர்கள். சுகந்தி அக்கா தன் போட்டின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, "எங்க அண்ணன் போட்டுகூட இவ்ளோ ஒழுங்கா நிக்காது மேடம்" என்றார். அவருக்கு மதியத்துக்குள் கடலூரில் ஸ்காலர்ஷிப் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது உன்னிடம் சொன்னார்: "சீனியர், என்னுது இருநூறு. இருநூறு முடிஞ்சதும் ஆறவெச்சு வெளிய எடுத்துருங்க. அப்புறமா ஒங்களுத ஐநூறுக்குக் கொண்டுபோங்க." நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "தெரியும், போ" என்றாய்.

அவர் போனதும் உனக்கு போன் வந்தது. சாயங்காலம் கடலூரில் மேட்ச், சீக்கிரம் வாடா மச்சான் என்று கூப்பிட்டார்கள். நீ இருநூறில் நிறுத்தவே இல்லை. நேராக ஐந்நூறு என்று அழுத்தினாய். அக்காவின் போட் உள்ளே இருக்கிறதே என்று நான் கேட்டேன். "ரெண்டு தடவ ஆறவெச்சுகிட்டு இருந்தா ராத்திரி ஆயிடும். கொஞ்சம் ஜாஸ்தி சூடானா பிளாட்டினம் ஒண்ணும் உருகிடாது" என்றாய். சிவப்பு எண்கள் ஏறுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறியபிறகு வெளியே எடுத்தபோது, கோடு போட்ட போட்டில் இருந்த சாம்பல் நிறத் தூள் கருநீலம் பாய்ந்து கிடந்தது. நிறம் மாறியிருக்கிறது என்றேன். டியூப் லைட்டில் அப்படித்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு மூடிவைத்தாய். நாம் பஸ் பிடித்தோம். உனக்கு மேட்ச் கிடைத்தது.

பொங்கல் முடிந்து அக்கா அந்தத் தூளைச் சோதித்தார். பிளாட்டினம் எவ்வளவு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது என்று அளப்பதுதான் சோதனை. ஏறக்குறைய ஒன்றும் பிடிக்கவில்லை. திரும்ப அளந்தார், அதே கதை. கைடு மேடம் உங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்பதை நீயே வீட்டில் பெருமையாகச் சொன்னாய். துகள்கள் கட்டியாகிவிட்டன, அவர் தயாரித்த விதத்தில்தான் கோளாறு, கழுவுவதில் கவனம் போதவில்லை என்று சொன்னாயாம். சூடு எவ்வளவு என்று மேடம் கேட்டதற்கு, இருநூறு என்றாயாம். அந்த ஒரு சொல்லில் அக்காவின் பழைய அளவுகள்மீதும் மேடமுக்கு நம்பிக்கை போய்விட்டது. அன்று இரவு சாப்பாட்டில் நான் எல்லார் முன்னாலும் சொன்னேன், அண்ணன் வைத்தது ஐந்நூறு என்று. "நீ மொதல்ல போர்டு எக்ஸாம் பாஸ் பண்ணு" என்றாய். சாப்பிடும்போது சண்டை வேண்டாம் என்றார் அப்பா. அந்த வாரம்தான் உனக்கு வெளிநாட்டு நேர்காணலுக்கு அழைப்பு வந்திருந்தது. அம்மா உன் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள். அவர்கள் மேலும் எனக்கு அன்று கோபம்தான்.

இதுவரை நடந்ததை அவசரம், பயம் என்று நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். மேட்ச் பார்க்கும் ஆசையில் ஒருவன் தப்பு செய்வான், திட்டு வாங்கப் பயந்து மறைப்பான். பன்னிரண்டாம் வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் எனக்குத் தெரியும், நானும் நல்லவள் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ செய்தது வேறு. அக்கா சும்மா இருக்கவில்லை. அந்தத் தூளில் கொஞ்சத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கிற இடத்துக்கு அனுப்பிப் படம் வாங்கினார். துகள்கள் கட்டியாகவே இல்லை. முன்பு இருந்த அதே அளவில், அதே இடைவெளியில் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தோல் போர்த்தியிருந்தது. ஹைட்ரஜனில் நன்றாகச் சூடானால் ஆக்சைடு தன் ஆக்சிஜனில் கொஞ்சத்தை இழக்கும், இழந்த ஆக்சைடு நகர்ந்து உலோகத்தின் மேலே ஏறி மூடிக்கொள்ளும். உள்ளே பிளாட்டினம் நன்றாகவே இருக்கும், ஆனால் ஹைட்ரஜன் அதைத் தொட முடியாது. அக்கா குழுக் கூட்டத்தில் படத்தைப் போட்டு இதைத்தான் சொன்னார். இது இவ்வளவு ஏறவேண்டுமானால் தூள் ஐந்நூறு டிகிரியைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். நீ எழுந்து, இருநூறில் ஆக்சைடு இப்படி ஏறாது, அதனால் அவர் சொல்வது நடக்க வாய்ப்பே இல்லை என்றாய். எல்லாரும் தலையாட்டினார்கள். இருநூறில் ஏறாது என்பது உண்மைதான். நீ உன் பொய்யை எடுத்து ஓர் உண்மைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து அவரை அடித்தாய். படித்ததை இதற்குப் பயன்படுத்தலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்பா நம்மை இப்படி வளர்க்கவில்லை. புதுப்பாளையத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்து சத்தம் போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். புது பெயிண்ட் ஒரு மழைக்குள் உரிந்துவிட்டது, பெயிண்டர் தண்ணீர் கலந்து ஏமாற்றிவிட்டான் என்று கத்தினார். பெயிண்டர் பக்கத்திலேயே நின்றார். அப்பா கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு நம் இருவரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். பட்டி பார்க்கிற தகட்டை உன் கையில் கொடுத்துச் சுரண்டச் சொன்னார். உரிந்த ஏட்டின் முதுகில் வெள்ளையாகப் பொடி இருந்தது. அப்பா விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உப்பு என்றார். கடலூரில் பாதி வீடுகளில் இதுதான். சுவரின் உள்ளே இருப்பது ஈரத்தோடு வெளியே வந்து பெயிண்டைத் தள்ளுகிறது. "பெயிண்ட்டு நல்லாத்தான் இருக்கு சார். கீழேருந்து மேல வந்திருக்கு. அவர ஏசாதீங்க" என்றார். நீ அப்போது பிளஸ் டூ, நான் இரண்டாவது. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தாய். வீட்டுச் சுவரைக்கூடச் சுரண்டி அம்மாவிடம் அடி வாங்கினாய். நீ கெமிஸ்ட்ரி எடுத்ததே அன்றைக்குத்தான் முடிவானது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரைத் திட்டுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கற்ற பையன், அடியில் இருப்பது தெரிந்தும் ஒருவரைத் திட்டு வாங்கவிட்டான்.

தெரிந்தும் என்று ஏன் சொல்கிறேன்? உன் நேர்காணலுக்கு ஒத்திகை பார்க்க என்னை எதிரே நாற்காலியில் உட்காரவைத்தாயே, அதனால். திரையில் தோல் போர்த்திய துகள்களின் படம் வந்தது. இதைக் காற்றில் சூடாக்கினேன், தோல் விலகியது, மறுபடியும் இருநூறில் ஹைட்ரஜன் கொடுத்தேன், பழைய சுறுசுறுப்பு திரும்பி வந்துவிட்டது, இது அழிவு இல்லை, திரும்பக்கூடிய மாற்றம் என்று நீ ஆங்கிலத்தில் சொன்னாய். நன்றாகச் சொன்னாய். துகள் கட்டியாகியிருந்தால் இவ்வளவு எளிதாகத் திரும்பியிருக்காது. ஆக, அக்கா சொன்னது சரி என்று உன் கையாலேயே நீ நிரூபித்திருக்கிறாய். அவர் அதே சோதனையைச் செய்துகாட்டுகிறேன் என்று கேட்டபோது ஹைட்ரஜன் வீணாகும் என்று தடுத்தவனும் நீதான். நான் கேட்டேன், "சுகந்தி அக்காவோட தூளா அது?" "லேப்ல இருக்கறதெல்லாம் லேப்போடது" என்றாய். அடுத்த படத்துக்குப் போய்விட்டாய். அந்தப் படத்தால்தான் உனக்கு இடம் கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை விருந்தைப் பற்றியும் எழுத வேண்டும். அம்மா உன் ஆய்வகத்தில் எல்லாரையும் கூப்பிட்டிருந்தாள், அக்காவும் வந்தார். நான் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்து, இலை போட எனக்கு உதவி செய்தார். நீ மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "சுகந்தி கை பட்டா பிளாட்டினமே செத்துப்போவும் மாமா" என்றாய். காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் வைத்திருக்கிற மாமாவுக்குப் பிளாட்டினமும் தெரியாது, சுகந்தியும் தெரியாது, இருந்தும் அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அக்கா கையில் பாயச வாளி இருந்தது. "சாவல சீனியர். மூடியிருக்கு" என்றார். அவ்வளவுதான். உன் இலையிலும் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். உனக்கு அப்போது முகம் மாறியதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

எல்லாரும் போனபிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, மூடியிருக்கு என்றால் என்ன என்று கேட்டாள். நான் புதுப்பாளையம் சுவரை வைத்து விளக்கினேன். உப்பு வந்த சுவரை இடித்துப் பூச வேண்டும், ஆனால் இது அப்படி இல்லை, கொஞ்சம் காற்றும் சூடும் கொடுத்தால் மேலே ஏறியது இறங்கிவிடும் என்றேன். அப்பா கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா கொஞ்ச நேரம் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு நம்ம வூட்டுலயே நின்னு நம்ம இலைக்குப் பரிமாறிட்டுப் போயிருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் உன் பெட்டியைத் தொடவில்லை. உன் துணிகள் கட்டிலில் அப்படியே கிடக்கின்றன. நான்கு நாளாக நீ சிதம்பரத்து ரூமிலேயே இருப்பதால் இது உனக்குத் தெரியாது.

பெற்றவர்கள் இந்த இடத்தில் புத்தி சொல்வார்கள். நானும் சொல்கிறேன். நீ போகிற ஊரிலும் உனக்குக் கீழே ஒருவர் வந்து சேர்வார். அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்காதே. உன் உலையில் அவர் போட்டும் இருந்தால், அவருடைய எண்ணில் முதலில் நிறுத்து. நீ தப்பு செய்தால் அன்றைக்கே சொல், ஏனென்றால் அடுத்த நாள் அந்தத் தப்பை வைத்து யாரோ ஒருவர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு என்றெல்லாம் எழுத எனக்கு மனம் வரவில்லை. நீ பசியோடு இருந்தால்கூட எனக்கு இப்போது பரவாயில்லை. இந்த வரியை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

உன்னிடம் நான் கேட்பது ஒரே ஒரு வாக்கியம். "இரண்டு போட்டையும் நேராக ஐந்நூறில் வைத்தவன் நான்." இதை வியாழக்கிழமை குழுவின் முன்னால் நீ சொல்ல வேண்டும். மற்றதை அக்காவின் படங்களே சொல்லிக்கொள்ளும். அவருக்கு உன் மன்னிப்பும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம், அவரே என்னிடம் சொன்னார். அந்த ஒரு எண் சரியாகிவிட்டால் அவருடைய வேலை முழுக்கச் சரியாகிவிடும். சொன்னால் உன் வெளிநாட்டு வேலை போய்விடுமா என்று எனக்குத் தெரியாது. போனாலும் போகட்டும் என்றுதான் நினைக்கிறேன். நீ சொல்லாமல் விமானம் ஏறி அங்கே பெரிய ஆளானால், உன் அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்பவர்களிடம் நான் உண்மையைத்தான் சொல்வேன்.

இதை எழுதி முடித்து அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அவன் வந்து சொல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். நானே போய் மேடமிடம் சொல்வேன் என்றேன். நீ சின்னப்பெண், உன் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்று சொல்வேன் என்றேன். அப்பா கடைப் பையனுக்கு போன் போட்டு வியாழக்கிழமை கடை லீவு என்று சொன்னார். என்னிடம், "ஸ்கூல்ல லெட்டர் குடுத்துடு. காலைல நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

ரிவ்யூ பத்து மணிக்கு. நாங்கள் அதற்கு முன்பே வந்து வாசலில் நிற்போம். உள்ளே நீ முதலில் போ.